பூனைக்குட்டியின் வளர்ச்சி: பல்லும் எலும்பும் சொல்லும் வரலாறு

பூனைக்குட்டி ஒன்று பிறந்தது முதல் முழுப் பூனையாகும் வரை அதன் உடலில் தோன்றும் மாற்றங்கள் ஏறக்குறைய ஒரே வரிசையில், ஏறக்குறைய ஒரே வயதில் நிகழ்கின்றன. கண் திறப்பது, காது நிமிர்வது, பால்பல் முளைப்பது, அது விழுந்து நிலைப்பல் வருவது, எலும்பின் முனைகள் தண்டோடு ஒட்டிக்கொள்வது ஆகிய ஒவ்வொன்றுக்கும் ஒரு காலம் உண்டு. வீட்டில் பூனை வளர்ப்பவருக்கு இது குட்டியின் வயதை அறிய உதவும். தொல்லியல் அறிஞருக்கோ இதே மாற்றங்கள் ஒரு நாட்காட்டி. பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் புதைக்கப்பட்ட ஒரு பூனை எத்தனை மாத வயதில் இறந்தது என்பதை அதன் பல்லையும் எலும்பையும் கொண்டு கூறலாம். அந்த வயதைக் கொண்டு மனிதன் அதை எப்படி நடத்தினான் என்பதையும் ஓரளவு அறியலாம். எழுத்துச் சான்றுகள் சொல்லாமல் விட்ட செய்திகள் சில இவ்வாறுதான் வெளிப்பட்டன. இக்கட்டுரை முதலில் அந்த மாற்றங்களையும், பின்னர் அவற்றின் வழியே அறியப்பட்ட வரலாற்றையும் விளக்குகிறது.

பிறப்பு முதல் எட்டு வாரம் வரை

பூனையின் சினைக்காலம் சுமார் 63 முதல் 65 நாட்கள். பிறக்கும்போது குட்டியின் எடை சுமார் 100 கிராம். கண்கள் மூடியிருக்கும். காது மடல்கள் தலையோடு ஒட்டி மடிந்திருக்கும், செவித்துளையும் அடைபட்டிருக்கும். தன் உடல் வெப்பத்தைத் தானே காத்துக்கொள்ள முடியாது. தாயின் சூட்டிலும் உடன்பிறந்த குட்டிகளின் சூட்டிலும்தான் அது உயிர் வாழ்கிறது. சிறுநீர் கழிப்பதற்கும் தாய் நக்கித் தூண்டிவிட வேண்டும். மோப்பமும் தொடு உணர்வும் மட்டும் பிறந்த அன்றே வேலை செய்யும். அவற்றைக் கொண்டு குட்டி தாயின் மடியைத் தேடி அடையும்.

ஏழாம் நாளுக்கும் பதினான்காம் நாளுக்கும் இடையில் கண்கள் திறக்கின்றன. திறந்த கண் எல்லாக் குட்டிகளுக்கும் நீல நிறமாகவே தோன்றும். கருவிழிப் படலத்தில் நிறமி சேரச் சேர ஆறாம், ஏழாம் வாரத்திலிருந்து நீலம் மாறத் தொடங்கிப் பச்சை, மஞ்சள் போன்ற நிலையான நிறம் வரும். இரண்டாம், மூன்றாம் வாரங்களில் காது மடல்கள் நிமிர்கின்றன. மூன்றாம் வாரத்தில் குட்டி தள்ளாடி நடக்கும். நான்காம் வாரத்தில் ஓடும். தலைகீழாக விழுந்தாலும் காற்றிலேயே உடலைத் திருப்பிக் காலூன்றி இறங்கும் திறன் மூன்றாம், நான்காம் வாரத்தில் தோன்றி ஏழாம் வாரத்துக்குள் முழுமை பெறுகிறது. நான்காம் வாரத்திலிருந்து பாலை விட்டுத் திட உணவுக்கு மாறத் தொடங்கும்.

இக்காலத்தில் உடல் மட்டும் வளர்வதில்லை. அமெரிக்காவில் 1980களில் ஐலீன் கார்ஷ் செய்த ஆய்வுகள், இரண்டாம் வாரம் முதல் ஏழாம் வாரம் வரை மனிதர் கையில் எடுத்துப் பழக்கிய குட்டிகளே பின்னர் மனிதரிடம் அஞ்சாமல் பழகுகின்றன எனக் காட்டின. அந்தக் காலம் கடந்தபின் பழக்குவது மிகக் கடினம். காட்டுப் பூனை வீட்டுப் பூனையான வரலாற்றைப் புரிந்துகொள்ள இச்செய்தி முக்கியமானது.

மேலே கூறியவற்றுள் கண்ணின் நிறமோ, காதின் நிமிர்வோ, நடையோ மண்ணில் தங்குவதில்லை. தங்குபவை இரண்டு: பல், எலும்பு. ஆகவே அவற்றைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

பற்கள்

பூனைக்குட்டி பல் இல்லாமல் பிறக்கிறது. இரண்டு முதல் நான்கு வாரத்தில் முன்பக்க வெட்டுப்பற்களும், மூன்று நான்கு வாரத்தில் கூரிய கோரைப்பற்களும், அடுத்த சில வாரங்களில் முன்கடைவாய்ப்பற்களும் முளைக்கின்றன. எட்டு வாரத்துக்குள் பால்பற்கள் 26 நிறைந்துவிடும். மேல்தாடையில் 14, கீழ்த்தாடையில் 12. பால்பற்களுள் பின்கடைவாய்ப்பல் கிடையாது.

மூன்றரை அல்லது நான்காம் மாதத்தில் பால்பற்கள் விழத் தொடங்குகின்றன. வெட்டுப்பற்கள் முதலிலும், ஐந்தாம் மாத அளவில் கோரைப்பற்களும், ஆறாம் மாதத்துக்குள் கடைவாய்ப்பற்களும் மாறிவிடும். வீட்டில் பூனை வளர்ப்போர், நான்கைந்து மாதக் குட்டி விளையாடிய இடத்தில் அரிசி மணியளவு பல் ஒன்று கிடப்பதைச் சில வேளைகளில் காணலாம். பெரும்பாலான பற்களைக் குட்டி விழுங்கிவிடும், அதனால் தீங்கில்லை. ஆறு, ஏழு மாதத்தில் நிலைப்பற்கள் 30 நிறைந்துவிடும். மேல்தாடையில் 16, கீழ்த்தாடையில் 14.

நிலைப்பல் வெளியே தெரிவதற்குப் பல வாரங்களுக்கு முன்பே தாடை எலும்புக்குள் உருவாகிக் காத்திருக்கும். எனவே தாடையை ஊடுகதிரில் பார்த்தால், எந்தப் பல் வெளியே வந்துள்ளது, எது இன்னும் உள்ளே இருக்கிறது என்பதைக் கொண்டு குட்டியின் வயதைச் சில வார வேறுபாட்டுக்குள் கணிக்க முடியும். கீழ்த்தாடையின் பின்கடைவாய்ப்பல் இதற்குச் சிறந்த அடையாளம். பால்பற்களில் இதற்கு இணை இல்லாததால் குழப்பத்துக்கு இடமில்லை.

எலும்புகள்

குட்டியின் கால் எலும்பு ஒரே துண்டாக இருப்பதில்லை. நடுவில் தண்டும், இரு முனைகளில் தனித்த எலும்பு முனைகளும், இடையில் குருத்தெலும்பாலான வளர்தட்டுகளும் இருக்கும். இந்த வளர்தட்டுகளில்தான் எலும்பு நீள்கிறது. வளர்ச்சி முடிந்த இடத்தில் குருத்தெலும்பு எலும்பாக மாறி, முனை தண்டோடு ஒட்டிக்கொள்ளும். அதன்பின் அந்த எலும்பு நீளாது.

எல்லா வளர்தட்டுகளும் ஒரே நாளில் மூடுவதில்லை. ஆர். என். ஸ்மித் 1968, 1969ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட ஊடுகதிர் ஆய்வுகள் பூனைக்குரிய வரிசையைத் தெளிவுபடுத்தின. சில எடுத்துக்காட்டுகள்:

• முன்னங்கால் மேலெலும்பின் கீழ்முனை: சுமார் 4 மாதம்

• தொடை எலும்பின் தலை: 7 முதல் 11 மாதம்

• தொடை எலும்பின் கீழ்முனை: 13 முதல் 19 மாதம்

• முன்னங்கால் மேலெலும்பின் மேல்முனை: 18 முதல் 24 மாதம்

பார்வைக்குப் பூனை பத்து மாதத்தில் முழு வளர்ச்சி பெற்றதுபோல் தோன்றும். ஆறாம் மாத அளவிலேயே இனப்பெருக்கத்துக்கும் தயாராகிவிடும். ஆயினும் எலும்பின் கணக்கில் அது இன்னும் வளரும் பிள்ளைதான்.

இந்த நாட்காட்டிக்கு எல்லைகளும் உண்டு. ஊட்டம் குறைந்தால் வளர்ச்சி தாமதமாகும். கருத்தடை செய்த பூனைகளில் வளர்தட்டுகள் பிந்தி மூடும். ஆகவே அறிஞர்கள் வயதை ஒரே எண்ணாகக் கூறாமல் ‘இத்தனை முதல் இத்தனை மாதம் வரை’ என்றே பெரும்பாலும் குறிப்பிடுவர். இரண்டு வயதுக்குப்பின் பல்லும் எலும்பும் புதிதாக எதையும் காட்டுவதில்லை. பல்லின் தேய்மானமும் மூட்டுகளின் தேய்மானமும் மட்டுமே துணை.

சைப்ரஸ் தீவின் எட்டு மாதப் பூனை

இந்த நாட்காட்டி பயன்பட்ட புகழ்பெற்ற இடம் நடுநிலக்கடலில் உள்ள சைப்ரஸ் தீவு. அங்கு ஷில்லூரோகம்போஸ் என்னும் புதிய கற்கால ஊரைப் பிரெஞ்சுத் தொல்லியலாளர் ஜான் கிலேன் 1990களில் அகழ்ந்தார். அங்கே சுமார் 9,500 ஆண்டுகளுக்கு முற்பட்ட மனிதப் புதைகுழி ஒன்று கிடைத்தது. புதைக்கப்பட்டவருக்கு வயது சுமார் 30. அருகில் மெருகேற்றிய கற்கோடரிகள், தீக்கல் கருவிகள், காவிக்கல் முதலியவை வைக்கப்பட்டிருந்தன. அக்காலத்துக்கு இது சிறப்பான அடக்கம். அந்தக் குழியிலிருந்து 40 செ.மீ. தொலைவில், தனியாகத் தோண்டிய சிறு குழியில், ஒரு பூனையின் முழு எலும்புக்கூடு இருந்தது. மனிதரும் பூனையும் ஒரே திசை நோக்கிக் கிடத்தப்பட்டிருந்தனர். விலங்கியல் தொல்லியலாளர் ஜான்-தெனி வீன் தலைமையில் இக்கண்டுபிடிப்பு 2004இல் வெளியிடப்பட்டது.

பூனையின் எலும்புகள் சிதறாமல் உரிய இடங்களில் இருந்தன. வெட்டிய தழும்போ, சுட்ட அடையாளமோ இல்லை. எனவே அது உண்ணப்பட்ட விலங்கன்று. இறந்தவுடன் முழுதாகப் புதைக்கப்பட்டது. அதன் வயது சுமார் எட்டு மாதம்.

எட்டு மாதம் என்பது ஏன் கவனிக்கத்தக்கது? அந்த வயதில் காட்டுப் பூனையின் குட்டி தாயை விட்டுப் பிரிந்திருக்கும். நிலைப்பற்கள் நிறைந்து, தானே வேட்டையாடும். மனிதரை விட்டு ஓடும் வலிமையும் அதற்கு உண்டு. அப்படிப்பட்ட பூனை ஒரு மனிதரின் குழிக்கருகே முழு உடலோடு அடக்கம் செய்யப்பட்டிருக்கிறது. அது மனிதரோடு பழகியிருக்க வேண்டும் என்பதே இயல்பான விளக்கம். கார்ஷின் ஆய்வோடு சேர்த்துப் பார்த்தால் இன்னொன்றும் விளங்கும். பழகியிருந்தால், பால் குடிக்கும் பருவத்திலேயே யாரோ அதைக் கையில் எடுத்து வளர்த்திருக்க வேண்டும்.

மற்றொரு செய்தியும் உண்டு. சைப்ரஸ் தீவில் இயற்கையாகப் பூனை இனம் எதுவும் கிடையாது. அருகிலுள்ள பெருநிலம் ஏறத்தாழ 70 கி.மீ. தொலைவில் உள்ளது. ஆகவே இப்பூனையின் முன்னோர் மனிதரின் படகில்தான் அத்தீவுக்கு வந்திருக்க முடியும். தானியம் சேமித்த உழவரின் களஞ்சியத்துக்கு எலி வந்தது. எலியைத் தொடர்ந்து பூனை வந்தது என்பது பொதுவாக ஏற்கப்படும் கருத்து.

ஆனால் உருவில் இப்பூனை காட்டுப் பூனையைப் போன்றே பெரியது. எனவே இதை ‘பழகிய பூனை’ எனலாமே தவிர, இன்றைய வீட்டுப் பூனையின் நேர் மூதாதை எனச் சொல்லிவிட முடியாது. ஆப்பிரிக்க-ஆசியக் காட்டுப் பூனையே வீட்டுப் பூனையின் மூதாதை என்பதை 2007இல் வெளியான மரபணு ஆய்வு உறுதி செய்தது. அந்த மாற்றத்தில் மேற்காசியாவின் பங்கு எவ்வளவு, எகிப்து உள்ளிட்ட வட ஆப்பிரிக்காவின் பங்கு எவ்வளவு என்னும் விவாதம் தொடர்கிறது.

நைல் கரையில் ஆறு பூனைகள்

மேல் எகிப்தில் ஹியராகோன்போலிஸ் என்னும் பழைய நகரம் உள்ளது. பிரமிடுகள் கட்டப்படுவதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக முற்பட்ட, உயர்குடியினரின் இடுகாடு ஒன்று அங்கே உண்டு. அங்கு ஒரு குழியில் ஆறு பூனைகள் ஒன்றாகப் புதைக்கப்பட்டிருந்ததை விம் வான் நீர் தலைமையிலான குழு 2014இல் விவரித்தது. காலம் கி.மு. 3800 முதல் 3600 வரை. ஆறில் ஓர் ஆண், ஒரு பெண், நான்கு குட்டிகள். எலும்பு வளர்ச்சியையும் பற்களையும் கொண்டு பார்த்தபோது அந்நான்கு குட்டிகளும் ஒரே ஈற்றைச் சேர்ந்தவை அல்ல. இரண்டு வெவ்வேறு ஈற்றைச் சேர்ந்தவை எனத் தெரிந்தது.

காட்டுப் பூனை ஆண்டின் குறிப்பிட்ட பருவத்தில்தான் குட்டி போடும். அந்தப் பருவக் கணக்கோடு இக்குழியில் இருந்த பூனைகளின் வயதுகள் பொருந்தவில்லை. ஆகவே இவை காட்டில் ஒரே நாளில் பிடிபட்டவை அல்ல. மனிதரின் பராமரிப்பில் சில காலமாவது இருந்தவை என்று ஆய்வாளர்கள் கருதினர். அதே இடுகாட்டில் முன்னர் கிடைத்த இளம் காட்டுப் பூனை ஒன்றும் இக்கருத்துக்கு வலு சேர்த்தது. அது வேறு இனம்; நாணல் காடுகளில் வாழ்வது. அதன் கால் எலும்புகள் முறிந்து மீண்டும் கூடியிருந்தன. முறிந்த காலோடு வேட்டையாட முடியாத விலங்குக்குச் சில வாரங்களாவது யாரோ உணவளித்திருக்க வேண்டும்.

பூனையைப் போற்றிய நாடு

பிற்கால எகிப்தில் பூனைக்கு இருந்த மதிப்பைப் பற்றிப் பள்ளிப் பாடநூல்களிலேயே படித்திருப்போம். நைல் கழிமுகத்தில் இருந்த புபாஸ்டிஸ் நகரம் பாஸ்டெட் என்னும் தெய்வத்தின் இருப்பிடம். பூனைத் தலை கொண்ட பெண்ணாக அத்தெய்வம் சித்திரிக்கப்பட்டது. கி.மு. 5ஆம் நூற்றாண்டில் எகிப்துக்குச் சென்ற கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ், அங்கு நடந்த பெருந்திருவிழாவை விவரித்துள்ளார். வீட்டில் பூனை இறந்தால் அவ்வீட்டார் தம் புருவங்களை மழித்துக்கொள்வர் என்றும், இறந்த பூனைகளைப் புபாஸ்டிஸுக்கு எடுத்துச் சென்று பதப்படுத்தி அடக்கம் செய்வர் என்றும் அவர் எழுதினார்.

கி.மு. முதல் நூற்றாண்டில் எகிப்தில் இருந்த டியோடோரஸ் இன்னொரு நிகழ்ச்சியைக் குறிப்பிடுகிறார். ரோமானியர் ஒருவர் தற்செயலாக ஒரு பூனையைக் கொன்றுவிட்டார். கூட்டம் அவர் வீட்டைச் சூழ்ந்தது. ரோமின் மீதிருந்த அச்சமோ, அரசன் அனுப்பிய அதிகாரிகளின் வேண்டுதலோ அவரைக் காப்பாற்றவில்லை. இதைத் தாமே நேரில் கண்டதாக டியோடோரஸ் கூறுகிறார்.

எழுத்துச் சான்றுகளை மட்டும் படிப்பவர் என்ன முடிவுக்கு வருவார்? எகிப்தியர் பூனையைக் கொல்லவே மாட்டார்கள். கிடைத்துள்ள பூனை மம்மிகள் அனைத்தும் இயற்கையாக இறந்த பூனைகளுக்கு அன்போடு செய்த அடக்கங்கள் என்றே எண்ணுவார். நெடுங்காலம் பலரும் அப்படித்தான் எண்ணினர்.

உரமாகிப் போன சான்று

1888இல் மத்திய எகிப்தின் பெனி ஹசன் பகுதியில் ஓர் உழவர் மண்ணைத் தோண்டியபோது அடுக்கடுக்காகப் பூனை மம்மிகள் வெளிப்பட்டன. பெண் சிங்க வடிவமான பாக்கெத் தெய்வத்தின் குகைக்கோயில் அமைந்த இடம் அது. அக்காலத்தில் அந்த மம்மிகளின் மதிப்பு எடைக் கணக்கில்தான் பார்க்கப்பட்டது. 1890இல் சுமார் 19 டன் பூனை மம்மிகள் கப்பலில் இங்கிலாந்தின் லிவர்பூல் துறைமுகத்துக்கு வந்து ஏலம் போயின. மொத்தம் சுமார் 1,80,000 பூனைகள் எனக் கணக்கிட்டனர். ஏலக்காரர் சுத்தியலுக்குப் பதிலாகப் பூனையின் மண்டையோடு ஒன்றைத் தட்டி ஏலம் விட்டார் என்பர். வாங்கியவர்கள் அவற்றை அரைத்து வயலுக்கு உரமாக்கினர்.

ஒவ்வொரு தாடையிலும் ஒரு வயது எழுதப்பட்டிருந்தது. அதைப் படிக்கும் கருவி அப்போது இல்லை. ஊடுகதிர் கண்டுபிடிக்கப்பட்டதே 1895இல்தான். பார்வைப் பொருளாகச் சிலரிடமும் அருங்காட்சியகங்களிலும் தங்கிய சிலவே எஞ்சின. ஒரு சான்றின் பயன் தெரியாத காலத்தில் அதை அழித்துவிட்டால் பின்னர் எந்தக் கருவி வந்தும் பயனில்லை என்பதற்கு லிவர்பூல் ஏலம் ஒரு பாடம்.

ஊடுகதிர் காட்டிய வயது

எஞ்சியவை பேசியது சுமார் தொண்ணூறு ஆண்டுகளுக்குப் பின். இலண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருந்த ஐம்பதுக்கும் மேற்பட்ட பூனை மம்மிகளை பிலிப் ஆர்மிட்டேஜ், ஜூலியட் கிளட்டன்-பிராக் ஆகியோர் ஊடுகதிரில் ஆராய்ந்து 1981இல் முடிவுகளை வெளியிட்டனர். துணிக்கட்டுகளைப் பிரிக்காமலே உள்ளிருந்த பற்களையும் வளர்தட்டுகளையும் பார்த்து வயதைக் கணித்தனர்.

இயற்கையாக இறந்த வீட்டுப் பூனைகள் என்றால் எல்லா வயதினவும் கலந்திருக்க வேண்டும். பிறந்த சில நாளில் இறந்தவையும், பல் தேய்ந்த கிழப் பூனைகளும் இருக்க வேண்டும். அவர்கள் கண்டது வேறு. பெரும்பாலானவை இரண்டு வயதுக் குழுக்களில் அடங்கின. ஒன்று, ஒரு மாதம் முதல் நான்கு மாதம் வரையிலான குட்டிகள். மற்றொன்று, ஒன்பது மாதத்துக்கு மேல் ஒன்றரை வயதுக்குள்ளான இளம் பூனைகள். இரண்டு வயதைத் தாண்டியவை மிகச் சிலவே. பலவற்றில் கழுத்து முள்ளெலும்புகள் இடம் பெயர்ந்திருந்தன. அதாவது, கழுத்து முறிக்கப்பட்டிருந்தது.

நோயோ பஞ்சமோ இப்படி வயது பார்த்துப் பொறுக்குவதில்லை. மனிதர்தாம் பொறுக்குவர். மம்மியாகச் சுற்றுவதற்கு ஏற்ற அளவை எட்டியதும் பூனைகள் கொல்லப்பட்டன என்பதே பொருத்தமான விளக்கம். பக்தர்கள் தெய்வத்துக்கு நேர்த்திக்கடனாகப் பூனை மம்மியைச் செலுத்தினர். நம் ஊர்க் கோயில் வாசலில் மண் உருவாரமோ, கண்மலரோ வாங்கிச் செலுத்துவது போன்றது இது. வேண்டுதல் பெருகப் பெருக மம்மியின் தேவையும் பெருகியது. அந்தத் தேவைக்காகவே கோயிலைச் சார்ந்து பூனைகள் வளர்க்கப்பட்டன. தேவைக்கு அளிப்பு ஈடு கொடுக்காத நிலையும் இருந்தது. மான்செஸ்டர் ஆய்வாளர்கள் 800க்கும் மேற்பட்ட விலங்கு மம்மிகளைப் படம் பிடித்துப் பார்த்து, ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கில் விலங்கின் உடலே இல்லை என 2015இல் அறிவித்தனர். உள்ளே இருந்தவை சேறு, நாணல், குச்சி முதலியன.

முளைக்காத பல்

பிரிட்டனின் வேல்ஸ் பகுதியிலுள்ள சுவான்சி பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் 2020இல் மூன்று விலங்கு மம்மிகளை நுண் சி.டி. ஸ்கேன் முறையில் ஆராய்ந்தனர். இம்முறை மருத்துவமனை ஸ்கேனைவிடப் பல மடங்கு நுட்பமானது. அவற்றுள் ஒன்று பூனையின் தலை மட்டும் கொண்டது. மேற்புறத்தில் பூனை முகம் தீட்டப்பட்டிருந்தது. வெளியில் இருந்த முகத்தின் அளவு பெரியது. உள்ளே இருந்த மண்டையோடு சிறியது.

கீழ்த்தாடையை உட்புறமாகப் பார்த்தபோது, பின்கடைவாய்ப்பற்கள் இன்னும் முளைக்காமல் எலும்புக்குள்ளேயே இருந்தன. முன்னர்க் கூறிய நாட்காட்டியை நினைவுகூர்க. அப்பல் முளைப்பது ஐந்தாம் மாத அளவில். ஆகவே இது ஐந்து மாதம் நிறையாத குட்டி. கழுத்து எலும்பும் முறிந்திருந்தது. கொல்லும்போது முறிந்திருக்கலாம்; அல்லது பதப்படுத்தும்போது தலையை நிமிர்த்தி வைப்பதற்காக முறித்திருக்கலாம் என ஆய்வாளர்கள் இரு வழிகளையும் குறிப்பிட்டனர். வயதில் மட்டும் ஐயம் இல்லை.

அப்படியானால் ஹெரோடோட்டஸும் டியோடோரஸும் எழுதியது பொய்யா? அப்படிக் கொள்ள வேண்டியதில்லை. வீட்டுப் பூனை இறந்ததற்காகப் புருவம் மழித்தவரும், கோயிலுக்குச் சென்று குட்டியின் மம்மியைக் காணிக்கையாகச் செலுத்தியவரும் ஒரே நாட்டு மக்கள்தாம். ஒரே ஆளாகக்கூட இருந்திருக்கலாம். தெருவில் ஒருவர் பூனையைக் கொன்றால் அது குற்றம். கோயிலுக்காக வளர்த்த பூனையைக் கொன்றால் அது வழிபாட்டின் பகுதி. வெளிநாட்டுப் பயணிகள் முன்னதைக் கண்டு எழுதினர். பின்னதை எழுதி வைத்தவை குட்டிகளின் தாடைகள்.

பெரெனிகே: வேறு ஒரு காட்சி

எகிப்தின் வரலாறு அத்துடன் முடிந்துவிடவில்லை. செங்கடல் கரையில் பெரெனிகே என்னும் துறைமுகம் இருந்தது. ரோமானியர் காலத்தில் இந்தியாவுடன் நடந்த கடல் வணிகத்தின் முக்கிய வாயில் அது. தமிழகத் துறைமுகங்களோடு அதற்கு இருந்த தொடர்புக்கு, அங்கு கிடைத்த தமிழ்-பிராமி எழுத்துப் பொறித்த பானையோடும், ஏழு கிலோவுக்கும் மேற்பட்ட மிளகு கொண்ட தாழியும் சான்று.

அந்த ஊரின் புறத்தே கி.பி. முதல் இரண்டு நூற்றாண்டுகளைச் சேர்ந்த விலங்கு இடுகாடு ஒன்றைப் போலந்து ஆய்வாளர் மார்த்தா ஓசிபின்ஸ்கா ஆராய்ந்து 2021இல் விரிவாக வெளியிட்டார். 585 விலங்குகள் அங்கே அடக்கம் செய்யப்பட்டிருந்தன. அவற்றுள் 90 விழுக்காட்டுக்கும் மேல் பூனைகள். இவை மம்மிகள் அல்ல. கழுத்து முறிக்கப்பட்ட அடையாளமும் இல்லை. உறங்குவது போலக் கிடத்தி, துணியாலோ உடைந்த பானைத் துண்டாலோ மூடியிருந்தனர். சில பூனைகளின் கழுத்தில் இரும்புப் பட்டையும், சிலவற்றின் கழுத்தில் மணிகளும் இருந்தன. பல் உதிர்ந்து, மூட்டு தேய்ந்த கிழ நாய்களும் அங்கு இருந்தன. பல் இல்லாத விலங்குக்கு யாரோ மென்மையான உணவு கொடுத்திருந்தால்தான் அது அந்த வயது வரை வாழ்ந்திருக்க முடியும்.

கோயில் மம்மிகளில் வயது ஒரு கட்டத்துக்குள் நின்றுவிட்டது. பெரெனிகேயில் விலங்குகளை முதுமை வரை விட்டு வைத்தனர். இரண்டு இடங்களும் ஒரே நாட்டைச் சேர்ந்தவை. இடைப்பட்ட காலம் சில நூற்றாண்டுகள். மனிதரின் நோக்கம் மாறியதை, பற்களும் எலும்புகளும் அப்படியே காட்டுகின்றன.

முடிவுரை

சைப்ரஸ் தீவின் உழவர் காலத்திலும், பாஸ்டெட் கோயில் காலத்திலும், இன்று நம் திண்ணையில் விளையாடும் குட்டியிடத்திலும் பல் முளைக்கும் வரிசை ஒன்றே. இந்த ஒற்றுமை இருப்பதால்தான், இன்று உயிரோடுள்ள குட்டிகளைப் பார்த்துத் தொகுத்த கால அட்டவணையைக் கொண்டு 9,500 ஆண்டுகளுக்கு முன் இறந்த பூனையின் வயதைச் சொல்ல முடிகிறது.

வரலாற்றை எழுத்தில் மட்டும் தேடினால், எழுதியவர் கண்டதும் எழுத விரும்பியதும் மட்டுமே கிடைக்கும். பூனையைக் கொன்றவனைக் கூட்டம் அடித்துக் கொன்ற செய்தி எழுத்தில் உள்ளது. நான்கு மாதக் குட்டிகள் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்ட செய்தி முளைக்காத ஒரு பல்லில் உள்ளது. இரண்டையும் சேர்த்துப் படிப்பதே வரலாறு. வீட்டில் குட்டி வளர்க்கும் மாணவர்கள் அது கண் திறந்த நாள், முதல் பல் தெரிந்த நாள், பால்பல் விழுந்த நாள் ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதி வரலாம். ஆறு மாதம் எழுதினால், தொல்லியலார் பயன்படுத்தும் அந்த நாட்காட்டியைத் தாமே ஒருமுறை சரிபார்த்தவர் ஆவர்.